மூன்று கறுப்புக் கிளிப்புகள்

காலை 10.50. பங்களாவின் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து விழுந்த நெட்டை நடிகை, சிமெண்டுத் தரையில் செத்துக் கிடந்தாள். மாடல் அழகிகள் உளவாளிகளாக வரும் மலிவான படத்தின் ஷூட்டிங் அது. பால்கனிக்கு வெளியே அவள் தொங்க வேண்டிய காட்சி. இடுப்பில் இருக்க வேண்டிய பாதுகாப்பு பெல்ட், மேக்கப் அறை நாற்காலியில் கிடந்தது.

11.35. பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். டைரக்டரின் கையிலிருந்த ரோஸ் நிற வசனத் தாள்கள் காற்றில் பறந்தன. பொறுக்கிக்கொண்டே பேசினார்.

“பெல்ட்டை அவளே கழட்டிட்டா மேடம். நான் கவனிக்கல.”

“பொய்!” காஸ்ட்யூமர் பாய்ந்து வந்தாள். இறந்தவளின் அக்கா. “பெல்ட் உள்ள அடங்கணும்னுதான் கவுனை லூசா தைச்சேன். உயரம்னாலே அவளுக்கு உதறும். அவளா கழட்டுவா?”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“கீழ் ரூம்ல அயர்ன் பண்ணிட்டிருந்தேன்.”

இன்ஸ்பெக்டர் ஸ்டண்ட் மாஸ்டரிடம் திரும்பினார். “நீங்க?”

“முகத்தை மட்டும்தான் எடுக்கறோம், சாப்பிட்டு வாங்கன்னு டைரக்டர் அனுப்பிட்டார்.”

12.10. டாக்டர் உடலைப் புரட்டினார். முன்பக்கம் தோலோடு ஒட்டியிருந்த கவுனை, முதுகில் மூன்று கறுப்புக் கிளிப்புகள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒன்றின் வாயில் கிழிந்த காகிதத் துணுக்கு.

இன்ஸ்பெக்டர் டைரக்டரிடம் வந்தார். “தன் முதுகுல தானே மூணு கிளிப்பை வரிசையா மாட்டிக்க முடியுமா?”

“அவ அக்கா மாட்டியிருப்பா.”

“பெல்ட்டுக்காக லூசா தைச்சவங்க எதுக்கு இறுக்கணும்? அது இருக்கட்டும். நான் வந்ததுலேர்ந்து உங்க தாள் ஏன் இப்படிப் பறந்துட்டே இருக்கு? தாளைக் கவ்வுற கிளிப்பு எங்க?”

மறுபடி பறந்த தாளைப் பொறுக்கிய டைரக்டரின் கை அப்படியே நின்றது. துணுக்கின் நிறம் ரோஸ். முதல் தாளின் கிழிந்த மூலையில் அது கச்சிதமாகப் பொருந்தியது.

“பெல்ட் புடைச்சுத் தெரியுதுன்னு கழட்ட வெச்சீங்க. உடம்பு எடுப்பாத் தெரியணும்னு கவுனை உங்க கையாலயே இறுக்கினீங்க. தடுப்பார்னு மாஸ்டரை அனுப்பிட்டீங்க. அவ மாட்டேன்னு சொல்லலையா?”

பின்னாலிருந்து கேமராமேனின் குரல் வந்தது.

“அழுதா மேடம். ‘முடியாதுன்னா வேற பொண்ணு ரெடி’ன்னார் டைரக்டர். நானும்... கேமராவை ஓட்டிட்டுத்தான் இருந்தேன்.”

விலங்கு மாட்டும்போது டைரக்டர் முணுமுணுத்தார். “அந்த ஷாட்டை மட்டும் அழிச்சிடாதீங்க. படத்துக்கே அதுதான்...”

“வாயை மூடுடா!”

இன்ஸ்பெக்டர் அப்படிக் கத்தி அவருடைய கான்ஸ்டபிள்களே கேட்டதில்லை.

அக்கா யாரிடமும் கேட்கவில்லை. ஜன்னல் திரைச்சீலையை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்து வந்து, தங்கையைக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினாள். சுற்றி நின்ற ஆண்களை ஒவ்வொருவராக முறைத்தாள்.

“இனிமே ஒருத்தனும் பாக்கக்கூடாது.”