நூற்றைம்பது துடிப்புக்கு மேல்

படை மருத்துவர் மேஜர் பரமகல்யாணி ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்தபடி பிளாரன்ஸின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நிமிடம் முடிந்ததும் சாக்பீஸை எடுத்து மரப்பறவை என்ற அந்தச் சிறு விமானத்தின் பக்கவாட்டுப் பலகையில் 56 என்று எழுதினார். பிறகு பின்னிருக்கைக்கு வந்தார். செல்வினின் கையைத் தொட்டதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 118.

“ஏலே, எஞ்சினையே தோக்கடிச்சிருவ போலயே,” என்றாள் பிளாரன்ஸ், முன்னிருக்கையிலிருந்து திரும்பாமல்.

“சும்மா இரு அக்கா. பயமா இருக்கு.”

“அப்ப எதுக்குலே ஏறுன?”

“நீ ஏறுறேல்லா.”

கேப்டன் பிளாரன்ஸ் மச்சாதுவும் அவள் தம்பி செல்வினும் தூத்துக்குடியில் தோணி கட்டும் குடும்பத்தில் பிறந்தவர்கள். இராணுவம் அவர்களைத் தேடி வந்ததும் அதனால்தான். பத்தொன்பது ஆண்டுகளாக எந்த நாட்டிலும் விமானம் பறக்கவில்லை. கடைசிப் போரில் இரு தரப்பும் வானில் காவல்தூசியைத் தூவியிருந்தன. கண்ணுக்குத் தெரியாத அந்த எந்திரங்கள் வெயிலைத் தின்று தாமே பெருகின. ஐந்நூறு அடிக்கு மேல் மின்னோட்டம் எங்கே இருந்தாலும் அங்கே மொய்த்து அதை நிறுத்தின. அவற்றை அணைக்கத் தெரிந்தவர்கள் அந்தப் போரிலேயே செத்துப்போனார்கள்.

ஆகவே பறத்தலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அயினிமரச் சட்டம், புளியங்கொட்டைப் பசை பூசிய பருத்தித் துணி, இழுத்துக் கட்டக் கயிறு. பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும், பொறிக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் அழுத்தத்திலேயே எரியும் சிறிய டீசல் எஞ்சின். அதில் பிளாரன்ஸ் போன மாதம் ஐந்நூறு அடிக்குள் பதினொரு நிமிடம் பறந்து, புதிய காலத்தின் முதல் இராணுவ விமானி ஆனாள். கரையில் நின்ற சிப்பாய்களில் பாதிப்பேர் விமானம் பறந்து பார்த்ததே இல்லை. ஒருவன் மணலில் உட்கார்ந்து அழுதான்.

விமானியைத் தேர்ந்தெடுக்கக் கர்னல் பத்மநாபன் ஒரே விதி வைத்திருந்தார். துடிப்பு அறுபதுக்குள் இருக்க வேண்டும். செல்வினுக்கு எடை குறைவு, கண் கூர்மை. அதனால் தொலைநோக்கியோடு பின்னிருக்கை கிடைத்தது. அவன் காலடியிலும் ஓர் இயக்குகோல் இருந்தது, அவசரத்துக்கு.

அன்றுதான் முதன்முறையாக உயரப் போனார்கள். கடலுக்கு அப்பால் எதிரி நாட்டுக் கரையில் நிற்கும் கப்பல்களை எண்ண வேண்டும். அறுநூறு அடி. எழுநூறு. செல்வினின் நெஞ்சு விலாவில் முட்டியது. பிளாரன்ஸ் மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். தொள்ளாயிரம் அடியில் பாட்டை நிறுத்தி, “கீழ பாருலே, கடலு எப்படி...” என்றாள். சொல்லி முடிக்கவில்லை. தலை ஒருபுறம் சாய்ந்தது.

செல்வின் கூப்பிட்டான். தோளைப் பிடித்து உலுக்கினான். பிறகு கோலைப் பிடித்து, எப்படியென்று தனக்கே தெரியாமல், கரையோர மணலில் இறக்கினான்.

மறைத்து வைத்திருந்த இதய நோய் என்று விசாரணைக் குழு எழுதியது. அம்மாவுக்குப் போன கடிதத்திலும் அதுவே இருந்தது. இரண்டு வாரம் கழித்து கேப்டன் கோமான் ஏறினார். துடிப்பு 52. அதே உயரத்தில் அதே போல இறந்தார். பின்னிருக்கையில் செல்வின் மறுபடியும் உயிரோடு இறங்கினான். அதன்பின் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் மேசையில் யாரும் உட்காரவில்லை. மூன்றாவதாகத் தேர்வானவள் லெப்டினன்ட் ரெஜினா. வயது இருபத்துமூன்று, துடிப்பு 54.

“இந்தத் தடவ நீங்க வராண்டாம்ணே,” என்றாள் அவள். “ரெண்டு பேர பாத்துட்டீய. போதும்.”

செல்வின் நேராக மருத்துவ அறைக்குப் போனான். பரமகல்யாணி இரண்டு நாட்களாக ஒரு பழைய அச்சுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். காவல்தூசியைச் செய்தவர்களின் கையேடு.

“உயிருள்ளதத் தொடாதுன்னுல்லா சொன்னீய மேடம்?”

“அப்போ தொடல. எதுவும் சிக்கலேன்னா வருஷா வருஷம் தன் காதத் தானே கூர்மையாக்கிக்கும்னு போட்டிருக்கு. பத்தொம்பது வருஷமா பட்டினி. இப்போ மனுஷ நெஞ்சுல ஓடுற மின்சாரமே அதுக்குப் போதும்.”

“பறவையெல்லாம் பறக்குதே?”

“அதுகளுக்கு மட்டும் விலக்கு குடுத்திருக்காங்க. நிமிஷத்துக்கு நூத்தம்பதுக்கு மேல துடிச்சா பறவைன்னு விட்டுரும். மின்சாரம் இல்லாம மனுஷன் எங்க மேல வரப் போறான்னு நினைச்சிருப்பாங்க.” அவர் புத்தகத்தை மூடினார். “மேல உங்களுக்கு எவ்வளவு அடிச்சிருக்கும் செல்வின்?”

அவனுக்குத் தெரிந்துவிட்டது. நடுங்காதவள் என்பதால் அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுங்காதவள் என்பதால்தான் அவள் செத்தாள்.

“கர்னல்கிட்ட சொன்னா அடுத்த மாசம் உங்கள குண்டு கட்டி அனுப்புவார்,” என்றார் பரமகல்யாணி. “சொல்லலேன்னா திங்கக்கிழமை ரெஜினா. அவ மாட்டேன்னா வேற யாராவது. நான் டாக்டர், நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா உங்கள ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சு.”

“எங்கக்காவுக்கு நோயில்லன்னு விசாரணை அறிக்கையில மாத்தி எழுதுவாங்களா?”

“எழுதுவாங்க.”

“அப்ப சொல்லிருங்க மேடம். ரெஜினா போவாண்டாம்.”

கர்னல் பத்மநாபன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கொட்டகைக்கு நடந்து போய், மரப்பறவையின் பலகையில் ரெஜினாவுக்காக எழுதியிருந்த 54-ஐக் கையால் அழித்தார்.

“அப்போ பயந்தவங்கதான் வேணும்,” என்றார்.

விதி தலைகீழானது. பீரங்கிச் சத்தத்துக்கு ஓடி ஒளிந்தவர்களையும், உயரத்தைக் கண்டால் மயங்குகிறவர்களையும் படைமுகாம்களில் தேடிப் பிடித்து வந்தார்கள். துடிப்பை ஏற்ற ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று பேரின் இதயம் நின்றது. ஊசியை விட்டுவிட்டு முன்பயம் என்ற பயிற்சியைக் கொண்டுவந்தார்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் கண்ணை மூடித் தமக்கு நேர்ந்த மிக மோசமானதை நினைக்க வேண்டும். தரையிலேயே துடிப்பு நூற்றறுபதைத் தொட்டால்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள்.

செல்வின் அந்தச் சாய்ந்த தலையை நினைத்தான். நாற்பத்தொரு முறை நினைத்து, நாற்பத்தொரு முறை பறந்து, ஒவ்வொரு முறையும் நான்கு குண்டுகளைப் போட்டான். துறைமுகத்தைக் குறிவைத்துப் போட்டவை சந்தையில் விழுந்தன. நடுங்கும் கைக்குக் குறி நிற்காது. மூன்று மாதத்தில் எதிர்க்கரையிலிருந்தும் மரப்பறவைகள் வந்தன. அவர்களும் அந்தக் கையேட்டைப் படித்திருந்தார்கள். அவர்கள் போட்டதும் நினைத்த இடத்தில் விழவில்லை.

நாற்பத்திரண்டாம் முறை பரமகல்யாணி முழு நிமிடம் எண்ணிவிட்டு, “இன்னொரு தடவ நினைங்க,” என்றார்.

நினைத்தான். பின்கழுத்து, காற்றில் பறந்த முடி, சொல்லி முடிக்காத அந்தப் பேச்சு. எல்லாம் வரிசை மாறாமல் வந்து போயின. யாருக்கோ நடந்தது போல இருந்தது.

“எழுபத்தி நாலு,” என்றார் பரமகல்யாணி, கர்னலைப் பார்க்காமல்.

“வரல சார்,” என்றான் செல்வின். “எங்கக்கா முகம் வருது. வேற ஒண்ணும் வரல.”

கர்னல் அருகே வந்தார். அவர் குரலில் கடுமை இல்லை.

“வேற ஏதாவது நினைச்சுப் பாருப்பா. அம்மா இருக்காங்கல்ல?”

செல்வின் கண்ணை மூடினான். அம்மா தூத்துக்குடியில் தோணிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கயிற்றுக்குத் தார் தடவிக்கொண்டிருந்தாள். மேலே எஞ்சின் சத்தம். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். தன் மகனென்று நினைத்துக் கையை ஆட்டினாள். மேலே இருந்தவன் எதிர்க்கரைக்காரன்; குண்டை விடும் அவன் கை நடுங்கியது.

“நூறு,” என்றார் பரமகல்யாணி. “நூத்தி முப்பது.”

எதிர்க்கரையில் இந்நேரம் எவனோ ஒருவன் இதே போலக் கண்ணை மூடியிருப்பான். அவன் தாய் நிமிர்ந்து பார்க்கிறபோது அவளுக்கு மேலே வருகிறவன் செல்வின்.

“நூத்தி அறுவத்தி ரெண்டு.”

கர்னல் தலையசைத்தார். ரெஜினா குண்டுகளின் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தாள்.