குசினிக் கமெராவை நிறுத்தியவர்

நாரந்தனையில் பஸ்ஸை விட்டிறங்கிப் பிரதாபனின் வீட்டுக் கதவைத் திறப்புப் போட்டுத் திறந்தபோது நல்ல உச்சி வெயில். உள்ளே குசினி அடுப்பிலிருந்து ஈரச் சாம்பல் மணத்தது. நிருஜா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். லண்டனிலிருந்து முதலாளி பிரதாபன் ஏற்கெனவே போனில் கத்திக்கொண்டிருந்தான்.

“குசினிக் கமெராவை ஆர் நிப்பாட்டினது? வீட்டுத் திறப்பு உம்மட்டைத்தானே கிடக்கு!”

அவனுடைய கொம்பனியின் கிளவுட்டில் யார் நுழைகிறார்கள், எந்த அமைப்பை மாற்றுகிறார்கள் என்று கண்காணிப்பதுதான் அவள் வேலை. பூட்டிக் கிடக்கும் இந்த வீட்டின் கமெராக்களையும் அதிலேயே கொழுவியிருந்தான். குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் வாசலை மிதித்தவள் அவள். களவு பிடிக்கிறவளே கள்ளி என்று பெயரெடுத்தால் பிறகு எவன் வேலை தருவான்?

“கத்தாதேங்கோ அண்ணை. பதிவிலை பாப்பம்.”

கமெரா நிறுத்தப்பட்டது. செய்தவர்: இலட்சுமிப்பிள்ளை. இடம்: இந்த வீடு.

“உங்கடை அம்மான்ரை பேர் கிடக்கு.”

“விசர்க்கதை கதையாதையும். அம்மான்ரை ஆண்டுத்திவசமும் முடிஞ்சுது.”

“ஓம். குசினியிலை விழுந்து கிடந்து செத்தவ. நீங்கள் கமெராவிலை பாத்துக்கொண்டிருந்தனீங்கள். அயலுக்கு ஒரு போன் கோல் எடுத்தனீங்களோ?”

“நித்திரை எண்டு நினைச்சன்.” அவன் குரல் இறங்கியது. பிறகு உறுமினான். “அம்மாவுக்கெண்டு திறந்த அந்தக் கணக்கை அழியும். கமெராவைப் போடும்.” போனை வைத்துவிட்டான்.

இரண்டையும் செய்தாள். இரண்டும் அவள் பெயரில் பதிவாகின.

குசினியில் சட்டியொன்று உருண்டது.

பிறகு எதுவோ இழுபடும் சத்தம். சீமெந்து நிலத்தில், ஈரச் சீலையைப் போல.

“ஆரது?”

சத்தம் கதவு நிலையைத் தாண்டியது.

சாம்பல் மணம் மேசையடிக்கு வந்தது.

“நிப்பாட்டு பிள்ளை.” மேசைக்குக் கீழிருந்து வந்தது அந்த முணுமுணுப்பு. “பாத்துக்கொண்டிருக்கிறான்.”

குளிர்ந்த விரல்கள் அவள் கணுக்காலைப் பற்றின.

உதறிக்கொண்டு ஓடினாள். கதவைப் பூட்டித் தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. மூடிய மடிக்கணினி கக்கத்தில் இருந்தது.

போன் அதிர்ந்தது. பிரதாபன் பதிவைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான்.

கமெரா நிறுத்தப்பட்டது. செய்தவர்: நிருஜா.

கீழே எழுதியிருந்தான்: “பிடிபட்டீர்.”

“நான் தெருவிலை நிக்கிறன்” என்று அடிக்கத் தொடங்கினாள். அதற்குள் திரையில் புதிய அறிவித்தல் விழுந்தது.

பிரதாபனின் கணக்கு அழிக்கப்பட்டது.

செய்தவர்: நிருஜா. இடம்: இந்த வீடு.

பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ அவள் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள்.