சாம்பிள் ரூமில் ஒரு முண்டம்!

"கண்ணாடிய மாட்டிக்கிட்டு காத்துல கைய வீசறதுக்குப் பேரு படிப்பா?"

"அது கண்ணாடி இல்லீங்கப்பா... ஹெட்செட்!"

"எதா வேணா இருக்கட்டும்! சாம்பிள் போச்சு. சாயங்காலம் பையர் வந்து பார்த்தா ஆர்டரும் போச்சு. அதோட உன்ற படிப்பும் போச்சு! தை மாசம் கல்யாணம்!"

"ஆர்டர் கெடைச்சா வெளிநாட்டுல பிஎச்.டி. படிக்க வெக்கறேன்னு சொன்னீங்கல்ல?"

"கெடைச்சான்னுதானே சொன்னேன்!"

"நாளைக்கு எனக்கு வைவா! ப்ராஜெக்ட்ல ஒரு குழாய் வேற காணாமப் போயிருக்குது. அதைச் சரி பண்ண நேரமில்லாமத் தவிச்சிட்டிருக்கேன்..."

"கேட்டீங்களா மாப்ள? நான் சாம்பிள் போச்சுங்கறேன். இவ குழாய் போச்சுங்கறா!"

திருப்பூரில் அந்தச் சந்துக்குள் பனியன் கம்பெனி நடத்தும் சென்னியப்பன் கத்த ஆரம்பித்தால், தையல் மெஷின்கள்கூட நின்று கேட்கும் என்பார்கள். இன்றைக்கு நிஜமாகவே நின்றன. டெய்லர்கள் அத்தனை பேரும் பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டு, ஆபீஸ் ரூம் பக்கம் காதைத் திருப்பியிருந்தார்கள்.

பயப்படாத ஒரே ஆள் அவர் மகள் மைதிலி.

எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம். இன்டெலிஜென்ட் மீடியா அண்ட் விர்ச்சுவல் ரியாலிட்டி! இதைச் சொந்தக்காரர்களிடம் ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்த்து மூச்சு வாங்கிய சென்னியப்பன், அப்புறம் 'கம்ப்யூட்டர்ல என்னமோ' என்று சுருக்கிக்கொண்டார்.

அந்த 'என்னமோ'வில் மைதிலி செய்திருந்தது சின்ன வேலை இல்லை. அப்பாவின் கம்பெனி முழுவதையும் கேமராவால் ஸ்கேன் செய்து, அச்சு அசலாக இன்னொரு கம்பெனியைக் கம்ப்யூட்டருக்குள் கட்டியிருந்தாள். ஹெட்செட்டை மாட்டினால் போதும். கேட்டில் ஆரம்பித்து கேன்டீன் வரைக்கும் சுற்றி வரலாம். டீ மட்டும் கிடைக்காது.

ஆபீஸ் ரூம் மூலையில் கைகட்டி நின்றான் ஜெயபாண்டி. சாம்பிள் டெய்லர். உசிலம்பட்டிக்காரன். ஆர்டர் கொடுக்கும் பையர் பார்த்து, ஓகே சொல்லி, சீல் வைத்த டாப்ஸ் அவன் தைத்ததுதான். அதைப் பார்த்துத்தான் மொத்த ஆர்டரையும் தைக்க வேண்டும்.

அதைத்தான் காணோம்!

"சாம்பிள் ரூமுக்குச் சாவி ரெண்டு," என்றார் சென்னியப்பன். "ஒண்ணு என்ற இடுப்புல. இன்னொண்ணு இவன்கிட்ட. பூட்டு ஒடையல. அப்புறம் பேயா வந்து போட்டுக்கிட்டுப் போச்சு?"

"எங்காத்தா சத்தியமா நான் எடுக்கலய்யா..."

"போலீஸ்ல குடுத்துருங்க மாமா. ரெண்டு தட்டு தட்டுனா தானா வந்துரும்."

சொன்னது சோபாவில் இருந்த செல்வக்குமார்.

உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு. அதற்குள் காற்றாலை. மைதிலிக்கும் அவனுக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம். இன்றைக்கு 'சும்மா கம்பெனியப் பார்த்துட்டுப் போலாம்னு' வந்தவன். நெற்றி முழுக்கத் திருநீறு. பூசியிருந்தான் என்பதைவிட வெள்ளையடித்திருந்தான் என்பது சரி. 'இந்தக் காலத்துல இப்படியொரு பக்தியா!' என்று மைதிலியின் அம்மா மயிலாள் உருகிப் போயிருந்தார்.

சென்னியப்பன் போனை எடுத்தார்.

அப்போதுதான்...

பக்கத்து ரூமில் இருந்து...

"ஐயோ! பொணம்! பொணமுங்க!"

மயிலாளின் குரல்!

எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

மயிலாள் முகத்தில் ஹெட்செட்டோடு, இரண்டு கைகளையும் நீட்டியபடி நடுங்கிக்கொண்டிருந்தார். மகள் எதை மாட்டிக்கொண்டு திரிகிறாள் என்று யாரும் இல்லாத நேரத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்!

"சாம்பிள் ரூம்ல நிக்குது! தலையே இல்லீங்க! முண்டம்... கையும் இல்லீங்க!"

"அம்மா... அது டம்மி. துணிய மாட்டி அளவு பார்க்கற பொம்மை."

"பொம்மையா?" மயிலாள் நெஞ்சை நீவிக்கொண்டார். "பொம்மையாவே இருக்கட்டும் கண்ணு. அதுக்குன்னு ஒட்டுத்துணி இல்லாமயா நிக்க வெப்பீங்க?"

செல்வக்குமார் சிரித்தான். சென்னியப்பன் சிரித்தார். ஜெயபாண்டிகூட லேசாக.

மைதிலி சிரிக்கவில்லை.

"அப்பா... சாம்பிள் எங்கே இருந்துச்சு?"

"அந்த டம்மி மேலதான்."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ஆயுத பூஜை அன்னிக்குக் காலைல. பூட்டக் கழட்டறப்பப் பார்த்தேனே... டம்மி மேலதான் இருந்துச்சு."

"பூட்ட எதுக்குக் கழட்டினீங்க?"

"எதுக்கா? சாமிக்கு முன்னால வெக்க வேண்டாமா?"

சொல்லி முடித்த வாய், மூடாமல் அப்படியே நின்றது.

ஆயுத பூஜையன்று திருப்பூரில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. மெஷினுக்குச் சந்தனம், கத்திரிக்குக் குங்குமம், டீ டிரம்முக்கும் ஒரு பட்டை. சென்னியப்பன் அதில் இன்னும் ஒரு படி மேல். கம்பெனியின் அத்தனை பூட்டையும் சாவியையும் கழட்டி, பிள்ளையார் முன்னால் குவித்து, கற்பூரம் காட்டுவார்.

பூட்டுகள் எல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தன. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன!

"பூஜை முடிஞ்சு...?" என்றாள் மைதிலி.

"உள்ள பார்க்காமயே பூட்டிப்போட்டேன் அம்மிணி. லீவு முடிஞ்சு தெறந்தா சாம்பிளக் காணோம்."

"நான் ஸ்கேன் எடுத்தது அன்னிக்குத்தான். பூஜை நடந்திட்டிருக்கறப்ப. அப்பவே டம்மி வெறுமனே நின்னிருக்குது! நானும் கவனிக்கல. அப்ப ஜெயபாண்டிண்ணன் எங்கே இருந்தாரு?"

"நல்லாக் கேட்டீக போங்க!" ஜெயபாண்டிக்கு உயிர் வந்தது. "பூசணிக்கா வாங்கிட்டு வாடான்னு அய்யாதான மார்க்கெட்டுக்கு வெரட்டுனாக! நான் வந்து சேரையில பாப்பா கேமராவ மடக்கிப் பையில போட்டுக்கிட்டு இருந்துச்சு!"

சென்னியப்பன் போனை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப பொரி திங்க வந்த கூட்டத்துல ஒருத்தன்... தெருவே வந்துச்சே! யாரன்னு புடிக்கறது?"

"மாமா..." செல்வக்குமார் இடுப்பில் கை வைத்தான். "பொம்மைப் படத்த வெச்சுத் துப்பறியறீங்களாக்கும்? சாயங்காலம் பையர்கிட்ட இந்தக் கதையவா சொல்லுவீங்க? படிப்பெல்லாம் போதுமுங்க."

"நீங்க அன்னிக்கு வந்திருந்தீங்களா?" மைதிலி சும்மாதான் கேட்டாள்.

"நானா? அன்னிக்கு நான் பழனியில சாமி கும்பிட்டுட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் இந்தக் கம்பெனியில முதல் தடவையாக் கால் வெக்கறேன். இந்த ஆபீஸத் தாண்டி உள்ள போகவே இல்லியே! எங்கே, அந்த விளையாட்டுச் சாமானக் குடுங்க. நானும் பார்க்கறேன்."

மாட்டிக்கொண்டான்.

அவன் பார்ப்பதெல்லாம் சுவரில் இருந்த டி.வி.யில் தெரிந்தது. கேட்... கட்டிங் ஹால்... செக்கிங் டேபிள்... அயர்ன் டேபிள்கள்...

"பரவால்லியே! நிசமாட்டவே இருக்குதுங்க அத்தை!"

இடது பக்கம் திரும்பினான். எதிரே சாம்பிள் ரூம் வாசல்.

செல்வக்குமார் சட்டென்று தலையைக் குனிந்தான். இடுப்பை வளைத்து உள்ளே போனான். நிமிர்ந்தான்.

யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பனே அந்த இடத்தில் தலையைத் தாழ்த்தி நிமிர்ந்தார்!

மைதிலி மட்டும் டி.வி.க்கு ஒரு எட்டு கிட்டே போனாள்.

"ஏனுங்க..."

"என்னங்க?"

"இப்ப எதுக்குங்க குனிஞ்சீங்க?"

"குழாய் தலையில இடிக்குமே, அதா..."

நிறுத்திவிட்டான்.

தாமதமாக!

"எந்தக் குழாய்ங்க?"

மைதிலி அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, டி.வி.யப் பாருங்க. வாசல்ல குழாய் இருக்குதா?"

இல்லை! மொட்டையாக ஒரு வாசல். அவ்வளவுதான்.

நிஜக் கம்பெனியில் இருக்கிறது. அயர்ன் டேபிளுக்குப் போகும் நீராவிக் குழாய். சாம்பிள் ரூம் வாசலுக்குக் குறுக்கே, சரியாக நெற்றி உயரத்தில். புதிதாக வரும் எல்லோருக்கும் அது ஒரு தடவை பாடம் நடத்தும். ரெண்டாம் தடவை தேவைப்படாது.

"அன்னிக்கு அந்தக் குழாய் முழுக்க மாவிலைத் தோரணம் சுத்தியிருந்தாங்க," என்றாள் மைதிலி. "சாதாரண நாள் மாதிரி தெரியட்டும்னு தோரணத்த அழிச்சேன். கூடவே குழாயும் அழிஞ்சு போச்சு. இவ்வளவு நேரம் நான் அழுதது அந்தக் குழாய்க்குத்தான்! அம்மாவுக்கே அப்படியொரு குழாய் இருக்கறது தெரியாது. பூஜைக்கு வந்தாலும் சாமி முன்னாலயே உக்காந்துக்குவாங்க, உள்ள போனதில்ல. ஆனா இன்னிக்குத்தான் முதல் தடவையாக் கால் வெக்கற இவரு... கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குக் குனியறாரு!"

செல்வக்குமார் ஹெட்செட்டைப் பிடுங்கினான். வியர்வை கொட்டியது.

வெள்ளையடிப்பில் ஒரு பக்கம் கரைந்து வழிந்தது.

சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வருங்கால மாப்பிள்ளையின் நெற்றியை அழுத்தி ஒரு துடை துடைத்தார்.

நெற்றியின் நடுவே... மஞ்சளும் பச்சையுமாக... நீளமாக ஒரு கன்றிய தடம்! குழாயின் அளவுக்கு!

"அடப்பாவி!" என்றார் மயிலாள். "இதுக்கா அவ்வளவு பக்தி?"

அப்புறம் எல்லாம் கொட்டியது.

"ஆர்டர் கெடைச்சா பொண்ணு வெளிநாடு போயிரும்னு கல்யாணத் தரகர் சொன்னாருங்க மாமா. சாம்பிள் ரெடியாகி டம்மி மேல நிக்குதுன்னு நீங்களே அவருகிட்டப் பெருமை பேசுனீங்களாமா..."

"அதுக்காகத் திருடறதா?"

"பத்துக்கு ஒம்போது பொருத்தமுங்க மாமா! மறுபடி எங்கீங்க கெடைக்கும்?"

முகமூடி, கையுறை, எதுவும் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. கையில் ஒரு பொட்டலம் பொரி போதுமாக இருந்தது. தரகர் கொண்டுவந்த போட்டோவில் ஸ்டூடியோக்காரன் அவனுக்கு வேறு யாருடைய நிறத்தையோ கொடுத்திருந்ததால், சென்னியப்பனே அன்றைக்கு அவன் கையில் சுண்டல் கொடுத்து, "வாங்கிக்க கண்ணு," என்று சொல்லியிருக்கிறார்!

"சாம்பிள் எங்கே?"

"கார் டிக்கியில..."

"இன்னுமா?" மைதிலிக்கே ஆச்சரியம். "தூக்கிப் போடாம வெச்சிருந்தீங்களா?"

செல்வக்குமார் தலையைக் குனிந்தான். இந்த முறை குழாய்க்காக இல்லை.

"நல்ல துணிங்க. கையில புடிச்சா வெண்ணெயாட்ட இருந்துச்சு. தையலும் சுத்தம். எங்கக்கா அளவு வேற... தூக்கிப் போட மனசு வரலீங்க."

வாசலில் எட்டிப் பார்த்த டெய்லர்கள் எல்லோரும் இதற்கு மட்டும் தலையாட்டினார்கள். நியாயம்தானே!

"அய்யா," என்று தொண்டையைச் செருமினான் ஜெயபாண்டி. "போலீசுல குடுத்தா ரெண்டு தட்டுல வந்துரும்னு இவுகதான் சொன்னாக..."

போலீஸுக்குச் சொல்லவில்லை. மயிலாள் அன்று மத்தியானமே சொந்தக்காரர்களுக்கு வரிசையாகப் போன் போட்டுவிட்டார். செல்வக்குமார் போலீஸே பரவாயில்லை என்று நினைத்திருப்பான்.

சாயங்காலம் பையர் வந்தார். டம்மி மேல் டாப்ஸ் இருந்தது. ஆர்டர் கையெழுத்தானது. போகும்போது சாம்பிள் ரூம் வாசலில் இடித்துக்கொண்டார். அது கணக்கில் வராது.

மறுநாள் வைவாவில் எக்ஸாமினர் ஹெட்செட்டைக் கழட்டிவிட்டு, "ப்ளான்ல இருக்கற குழாய் இதுல எங்கேம்மா?" என்று கேட்டு மார்க்கைக் குறைத்தார். மைதிலி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவள் பின்லாந்தில் பிஎச்.டி. 'பனியிலதான் இருக்கா, பனியன் போட்டுக்கச் சொல்லியிருக்கேன்,' என்கிறார் சென்னியப்பன். படிப்பின் பெயரையும் இப்போதெல்லாம் முழுசாகச் சொல்லி, கேட்பவருக்கு மூச்சு வாங்க வைக்கிறார்.

ஜெயபாண்டி சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ். செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் அனுசுயாவைக் கட்டிக்கொண்டான். பூஜைக்குப் பூட்டு வைப்பதைச் சென்னியப்பன் விடவில்லை. ஆனால் சாம்பிள் ரூம் பூட்டுக்கு மட்டும் கதவில் தொங்கியபடியே சந்தனம்.

செல்வக்குமாருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. கணியூரில் பெண். மாமனார் வீட்டு நிலைவாசல் யானை நுழையும் உயரம். ஆனாலும் மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குனிந்துதான் உள்ளே போகிறாராம். 'எத்தனை பணிவு பாருங்க!' என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பூரிக்கிறார்.

பணிவு இல்லீங்க அம்மணி... பட்ட அடி!