கொள்ளி வைத்த கை

சோதிநாதன் கெட்டவன் இல்லை. பேர் எடுக்க ஆசைப்பட்டவன், அவ்வளவுதான்.

1974 பெப்ரவரியில், பனி கொட்டிய ஒரு காலை, தான் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில் பஸ் ஏறி, சப்வே மாறி, வழக்கம்போல ரொறன்ரோ அருங்காட்சியகம் ஒன்றின் நிலவறைக்கு வேலைக்கு வந்தான். விடியுமுன்பே யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி புவனம் டெலிபோன் எடுத்திருந்தாள். அப்பா போய்விட்டார்.

"ஐஸ் போட்டு வைச்சிருக்கிறம், அண்ணை. நீங்கள் வந்துதான் கொள்ளி வைக்கோணும்."

"லீவு தரமாட்டாங்கள், புவனம்" என்று சொல்லிவிட்டான்.

லீவு அவன் கேட்கவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்து விசாரித்த மேலதிகாரி, கேளாமலே, "உடனே புறப்படு" என்றார். வேண்டாமென்று தலையாட்டினான். அடுத்த கிழமை சீனக் கல்லறை உருவங்களின் கண்காட்சி. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். மாதக்கணக்காக அவன் மண் தட்டிச் சுத்தம் செய்த உருவங்களுக்குப் பக்கத்தில் வேறொருவன் பத்திரிகைப் படத்துக்கு நிற்பதா? சீ, இதுவும் ஒரு மனமா என்று தன்னையே நொந்துகொண்டான். ஆனாலும் புறப்படவில்லை.

அன்று மேசையில் இருந்தது ஒரு குதிரைக்காரன். முழங்கால் உயர மண் உருவம். குதிரை எப்போதோ தொலைந்துபோயிற்று. கடிவாளம் பிடித்த கைமுட்டி மட்டும் இன்னும் பொத்தியபடி, நடுவே ஒரு துளையோடு இருந்தது. ஆதியில் அரசன் செத்தால் வேலையாட்களையும் கூடவே புதைத்தார்களாம். பிற்காலத்தில் அவர்களுக்குப் பதிலாக மண்ணால் ஆள் செய்து வைத்தார்கள். உயிருள்ளவன் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதற்கென்றே பிறந்தவன் இவன்.

சோதிநாதன் தூரிகையால் அந்த முகத்தைத் துடைத்தான். கண் கலங்கியது. குனிந்து, அதன் காதருகே மெல்லச் சொன்னான்:

"எனக்குப் பதிலா நீ போய்க் கொள்ளி வை, ராசா."

சொன்னபிறகு வெட்கமாக இருந்தது. உருவத்தை வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியில் கிடத்தி, அவசரமாக மூடினான்.

மறுநாள் நிலவறையில் ஒரு மணம். நெய்யும் சாம்பிராணியும் எரிந்த விறகும்.

அந்தக் கட்டடத்தில் நெய்க்கு எங்கே போவது?

மணம் பெட்டியிலிருந்துதான் வந்தது. திறக்கக் கை வரவில்லை. அடுத்தடுத்த நாளும் அப்படியே. பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் அப்பாவின் சுருட்டு இருமல் கேட்பதுபோல இருந்தது. அந்தக் கிழமை முடிவில், பொறுக்கமாட்டாமல், நிலவறை டெலிபோனிலேயே வீட்டுக்கு அழைத்தான். அப்பா டொக்டராக இருந்தவர். வீட்டில் டெலிபோன் இருந்தது.

"புவனம், ஆர் கொள்ளி வைச்சது?"



"ஆர் கதைக்கிறது?" என்றாள் புவனம்.

"நான்தான், உன்ர அண்ணை."

"செத்த வீட்டில பகிடி விடாதேங்கோ. அண்ணை இஞ்ச நிக்கிறார். பிரேதம் எடுக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தவர். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, அழேல்லை. கையைப் பொத்தின பொத்தில வைச்சுக்கொண்டு..."



"அது நானில்லை! அம்மாட்டைக் குடு!"

அம்மாவின் மூச்சு கேட்டது.

"அம்மா, நான் சோதி. நான் பொய் சொன்னனான், அம்மா. லீவு தந்தவங்கள். நான்தான் வரேல்லை. என்னை மன்னிச்சிடுங்கோ."

அம்மா கோபப்படவில்லை. தெரியாத ஒருவரோடு பேசுவதுபோல மரியாதையாகப் பேசினாள்.

"தம்பி, நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்ர பிள்ளை தேப்பனுக்குக் கொள்ளி வைச்சிட்டு எனக்குப் பக்கத்தில இருக்கிறான். இனி எடுக்காதேயும்."

டெலிபோனில், அம்மாவுக்குப் பக்கத்தில், பச்சைமண் தரையில் உராய்வதுபோல ஒரு காலடி கேட்டது.

தொடர்பு அறுந்தது.

வெறி பிடித்தவன்போல, ரிசீவரை விடாமலே, பெட்டியின் மூடியை ஒற்றைக் கையால் இழுத்துத் தள்ளினான். உள்ளே வைக்கோல் மட்டும். அதன்மேல் இரண்டு சின்னப் பாதத் தடங்கள். செம்மண். ஈரம் காயவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ மாடிப்படியில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ரிசீவரைக் கீழே வைக்கப் பார்த்தான்.

கை விரியவில்லை.