கவிழ்ந்த பிக்கப்பும் மஞ்சள் கோடும்

திங்கள்கிழமை, காலை 6.40. தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வரும் உப்பளப் பாதையில் ஒரு பழைய பிக்கப் வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. உடைந்த தொட்டிகளிலிருந்து வெளியேறிய, லாப்ஸ்டர் எனப்படும் சிங்கி இறால்கள் உப்புப் பாத்தியின் வரப்பில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கியிருந்த ஜெபசீலனை உப்பளத்து ஆட்கள் இழுத்து வெளியே போட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் முருகேஸ்வரி வந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டது. ஜெபசீலனின் சித்தப்பா மகன் பெனிஸ்டன் தன் புது பிக்கப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, இறால்களைப் பொறுக்கித் தன் தொட்டிகளில் விட்டுக்கொண்டிருந்தான். தொட்டிகளில் விளிம்புவரை கடல்தண்ணீர்.

“டவுன்லருந்து தருவைகுளத்துக்குச் சரக்கெடுக்கப் போய்க்கிட்டு இருந்தேன் மேடம். வழியில இப்படிக் கெடக்கு. அண்ணன் சரக்கு செத்துறக் கூடாதுல்லா” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

முருகேஸ்வரி கவிழ்ந்த வண்டியின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தாள். பின்பக்க இடது சக்கரத்தின் அச்சு இடம் மாறி நின்றது. ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய இரும்புக் கட்டை சாலையில் உருண்டு கிடந்தது. கட்டையைப் பிடித்து நிறுத்தும் யூ போல்ட்டுகளில் சில நட்டுகள் இல்லை. மிச்சமிருந்தவை விரலால் சுற்றினாலே சுழன்றன. அவற்றைத் தாங்கிய தகட்டின் மேல் பாதியில் அறுந்த மஞ்சள் பெயிண்ட் கோடுகள் தெரிந்தன.

ஒன்பது மணிக்கெல்லாம் மெக்கானிக் செல்வின் ஸ்டேஷனில் இருந்தான். பைபாஸ் ரோட்டில் புதிதாக ஷெட் போட்டவன். சனிக்கிழமைதான் அந்த வண்டியின் அடிப்பாகம் தரையில் இடிக்காதபடி அவன் உயர்த்திக் கொடுத்திருந்தான். நட்டை முடுக்காமல் விட்டுவிட்டான் என்று ஊரே சொன்னது. சாயங்காலத்துக்குள் வழக்குப் போட்டு ரிமாண்ட் பண்ணிவிடும்படி இன்ஸ்பெக்டரும் சொல்லிவிட்டார்.

“முடுக்கினேன் மேடம். முடுக்கின பிறகு நட்டுலருந்து தகடு வரைக்கும் மஞ்சக் கோடு போட்டேன். கோடு நேரா இருந்தா நட்டு அசையலன்னு அர்த்தம். வண்டிய உசத்துற கிட்டோட வந்த தாள்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு. இந்த வண்டிக்குத்தான் முதமுதல்ல அப்படிச் செஞ்சேன்” என்றான் செல்வின். வண்டிச் சாவி வாங்க வந்த ஜெபசீலனுக்குக்கூட அதைக் காட்டவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் ஜெபசீலன் வலியோடு பேசினார். நாசரேத்துக்காரர். தருவைகுளம் கரையிலேயே சிங்கி இறாலைச் சாகவிடாமல் ஏற்றுமதி கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர். அதற்குக் காரணம் அந்தப் பழைய வண்டிதான். ரோட்டில் பள்ளம் வந்தாலும் தொட்டித் தண்ணீர் தளும்பாது. மழைக்குப் பிறகு உப்பளப் பாதையில் தண்ணீர் தேங்கி அடிப்பாகம் இடிக்கவே, வண்டியை உயர்த்த நினைத்தார். கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைக்கும் கிட்டைத்தான் முதலில் எல்லாரும் சொன்னார்கள். அதைப் போட்ட ஒரு வண்டியில் ஏறிப் பார்த்திருக்கிறார். உயரம் கிடைத்தது. குலுக்கலில் பல் ஆடியது. இறால் தாங்காது என்று அதை ஒதுக்கிவிட்டு, பழைய மென்மையான பட்டையை அப்படியே வைத்துக் கீழே கட்டை கொடுத்து, நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டும் கிட்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஞாயிறு காலை வண்டி சர்ச் வளாகத்தில் நின்றது. மதியம் பெனிஸ்டன் வீட்டில் சாப்பாடு. வண்டி அவன் வீட்டுப் பின்புறம் நின்றது. பிறகு ஜெபசீலன் வீட்டுக் காரேஜில். அதன் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.

“யார் மேல சந்தேகம்?” என்று கேட்டாள்.

“தங்கப்பாண்டி அண்ணாச்சிக்குத்தான் என் மேல கோவம். இத்தன வருசம் அவர்தான் இந்த வண்டியப் பாத்தாரு. வண்டிய உசத்தவே வேண்டாம்னாரு. நான் செல்வின்ட்ட போய்ட்டேன்.”

தங்கப்பாண்டியின் ஷெட் சர்ச்சுக்கு நேர் எதிரே. முருகேஸ்வரி போனபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தே ஒரு மாதம் ஆகிறது என்றார். செல்வின் பெயரைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

“நட்டுக்கு மஞ்சக் கோடு இழுத்துட்டா வேலை தெரிஞ்சவனாயிருவானா?”

முருகேஸ்வரி அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அந்தக் கோடு வண்டிக்கு அடியில இருக்கு, அண்ணாச்சி. செல்வினுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க எப்பப் பாத்தீங்க?”

தங்கப்பாண்டி துண்டில் கையைத் துடைத்தார். பிறகு சொன்னார். ஞாயிறு ஆராதனை நடக்கும்போது வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். பையன் எங்கே தப்பு பண்ணியிருக்கிறான் என்று தேடியிருக்கிறார். நட்டு நட்டாகத் தன் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றும் அசையவில்லை. எல்லாக் கோடும் நேராக இருந்தது. எழுந்து வந்து அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

“இத ஏன் காலையிலயே சொல்லல?”

“சொன்னா அவன் நல்ல வேலக்காரன்னு ஆயிரும்லா” என்றார் தங்கப்பாண்டி.

முருகேஸ்வரி நேராக பெனிஸ்டனின் வீட்டுக்குப் போய், அவன் வண்டியின் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, அவனையும் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தாள். செல்வினும் வாக்குமூலம் கொடுக்க வந்த தங்கப்பாண்டியும் பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“காலையில இறால் எடுக்கப் போனீங்க. தொட்டியில தண்ணி எங்க ரொப்புனீங்க பெனிஸ்டன்?”

“துறைமுகத்துப் பக்கம், கடல்ல.”

“சரக்கெடுக்கப் போறவங்க வெறுந்தொட்டியோட போய் அங்கன தருவைகுளம் கரையிலதான் தண்ணி எடுப்பாங்க. ரொம்பின தொட்டியோட எதுக்கு அவ்வளவு தூரம் குலுக்கிக்கிட்டுப் போவணும்? இறால் கரையில இல்ல, வழியில கெடக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

பெனிஸ்டன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முருகேஸ்வரி விளக்கினாள். ஞாயிறு காலை சர்ச்சில் நட்டுகள் இறுக்கமாக இருந்ததற்குத் தங்கப்பாண்டி சாட்சி. அதற்குப் பிறகு வண்டி ஜெபசீலனின் கண்ணிலும் படாமல் பூட்டுக்குள்ளும் இல்லாமல் நின்றது ஒரே இடத்தில், பெனிஸ்டன் வீட்டுப் பின்புறத்தில். நட்டுகளைத் தளர்த்திவிட்டால் வெறும் வண்டி கரைவரை போய்விடும். பாரம் ஏறித் திரும்பும்போதுதான் கட்டை நழுவும். அவள் பையிலிருந்து சக்கர ஸ்பேனரை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் வாய்க்குள் மஞ்சள் பெயிண்ட் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

பெனிஸ்டன் அதை எடுத்துப் பார்க்கக்கூட முயலவில்லை.

“புது வண்டி வாங்குனது நான். என் சரக்குதான் பாதி செத்துப் போயிச் சேருது. கம்பெனிக்காரன் எங்கிட்டயே சொல்லுதான், உங்க அண்ணன் வண்டியப் பாருன்னு. வீட்டுலயும் அதான் பேச்சு. இப்ப அதையும் உசத்திட்டான், மழையிலயும் நிக்காது. ஒரே ஒரு நாள் அவன் சரக்கு என் வண்டியில உசுரோட போய்ச் சேரணும்னு நெனச்சேன். வண்டி பாதையில உக்காந்துரும்னுதான் பாத்தேன். கவிழும்னு நெனைக்கல மேடம். சத்தியமா நெனைக்கல.”

அவனை உள்ளே கூட்டிப்போனார்கள். தங்கப்பாண்டி தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். செல்வின் படியில் காத்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்தான்.

“ரொம்ப நன்றி அண்ணாச்சி” என்றான்.

“நன்றியெல்லாம் வேண்டாம்லே. உன்னப் பாத்தா வயிறு இப்பவும் எரியத்தான் செய்யுது.” தங்கப்பாண்டி செருப்பை மாட்டினார். “அதுக்காவ உன்ன ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா?”

திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து போனார்.