உள்ளங்கைச் சிவப்பு

டமார்!

தலைக்கு மேலே இரும்பு மூடி விழுந்த சத்தம் தொட்டியின் நான்கு சுவர்களிலும் மோதி, கணுக்கால் அளவு கிடந்த சேற்றுத் தண்ணீரைச் சிலிர்க்க வைத்து, கடைசியில் அவள் பற்களுக்குள் வந்து நின்றது. கையிலிருந்த பிரஷ் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"பயப்படாத மேஸ்திரி." முதுகுக்குப் பின்னாலிருந்து, அவளைச் செல்லமாக மேஸ்திரி என்றே கூப்பிடும் கணவனின் குரல். "மூடிதான் விழுந்துடுச்சு. நான் உன் பின்னாடிதான் இருக்கேன்."

"நான் எங்க பயந்தேன்? பிரஷ்தான் பயந்துபோய்க் கீழ விழுந்துடுச்சு."

"அப்ப பிரஷ்ஷுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்துடுவோம். ஏறி மூடியைத் திறந்துட்டு வர்றேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த சட்டம்.

குடியிருப்புகளின் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுவதுதான் இருவருக்கும் தொழில். இந்தத் தொழிலில் இரண்டு கைக்கும் எப்போதும் வேலை இருக்கும். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் வாளி. விளக்கைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் இருவர் நெற்றியிலும் வார் போட்ட விளக்கு. பார்க்கும் இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தால் போச்சு, கண் அவிந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவன் ஆசையாகத் திரும்பிப் பார்த்ததில் அவளுக்குக் கண் கூசி, ஏணியிலிருந்து வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டாள். அதிலிருந்து தொட்டிக்குள் இறங்கினால் முதுகைக் காட்டியே பேச்சு. முகத்தைப் பார்த்தே தீரவேண்டுமென்றால் அவன் முதலில் உள்ளங்கையால் விளக்கைப் பொத்திக்கொள்வான். வெளிச்சம் அவன் சதையில் வடிகட்டப்பட்டு, விரல்கள் பழுத்துச் சிவந்து, நரம்பு நரம்பாகத் தெரியும்.

"கைக்குள்ள என்ன, அடுப்பா எரியுது?" என்று அவள் கேலி செய்வாள்.

"எனக்கும் ரத்தம் ஓடுதுன்னு தெரிஞ்சுக்கோ. நீ உறிஞ்சது போக மிச்சம்" என்பான் அவன்.

இன்னொரு சட்டமும் உண்டு. போன வருஷம் வேறொரு தொட்டியில், காற்று கெட்டுப்போய் அவன் சத்தமில்லாமல் சுருண்டு விழுந்துவிட்டான். அவள் அப்போது மேலே வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகக் குனிந்து பார்த்ததால் பிழைத்தான். அன்றிலிருந்து ஒருவரை உள்ளே விட்டுவிட்டு மற்றவர் ஏறுவதில்லை. ஏறினாலும் சொல்லிவிட்டுத்தான் ஏறவேண்டும். பேச்சு நிற்கவே கூடாது. வாயில் துண்டு கட்டியிருந்தால் சுவரில் தட்டவேண்டும்.

மேலே அவன் தோளைக் கொடுத்து மூடியை நெம்பித் திறந்தான். தரையில் சதுரமாக ஒரு மங்கல் வெளிச்சம் விழுந்தது. வெளியே நல்ல மத்தியானம். ஆனால் இந்தத் தொட்டி கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் உள்ளே, மோட்டார் அறையில் இருந்தது. மோட்டார் வயர் நனைந்து கிடந்ததால் கீழ்த்தளம் முழுவதற்கும் காவலாளி கரண்டை நிறுத்தியிருந்தார். "ஏறி வந்ததும் குரல் குடுங்க, போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனவர், பாதியில் திரும்பி, "போன தடவை தொட்டி கழுவ வந்தவர் மாதிரி சொல்லாம கொள்ளாமப் போயிடாதீங்க. மனுஷன் செருப்பைக்கூட விட்டுட்டுப் போயிட்டார்" என்றார்.

"மூடிக்கு முட்டுக் குடுத்த கட்டை எப்படி நழுவுச்சு?" என்று கேட்டாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

"நழுவல. எட்டத்துல சுவரோரமாக் கிடக்கு."

"எட்டத்துலயா?"

"ம்." அவன் விளக்கு மூடியின் ஓரத்தைச் சுற்றி வந்தது. "அந்தப் பழைய லைட்டையும் காணோம்."

காலையில் சேற்றை வாரும்போது அகப்பட்ட விளக்கு அது. அவர்களுடையதைப் போலவே நெற்றியில் கட்டுவது. வார் அழுகி, கண்ணாடியில் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. விளையாட்டுக்கு அவன் பொத்தானை அழுத்த, அது எரிந்துவிட்டது. எத்தனை காலம் தண்ணீருக்கடியில் கிடந்ததோ, பால் போல வெள்ளையாக எரிந்தது. "பார்த்தியா, இதுதான் சரக்கு!" என்று கழுவி எடுத்துக்கொள்ள மூடியின் ஓரத்தில் வைத்திருந்தான்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள்.

"எலிக்கு எதுக்குடி லைட்டு? ராத்திரி படிக்கப் போகுதா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு சுவரில் பட்டு வேறு யாரோ சிரித்தது போலத் திரும்பி வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அவன் கட்டையை மறுபடி முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கினான். தொட்டி நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அடியில் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. அந்தப் பக்கம்தான் சேறு அதிகம். பிளீச்சிங் பவுடர் தூவியிருந்ததால் நெடி தாங்காது. அவன் வாயையும் மூக்கையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"மேஸ்திரி, நான் அந்தப் பக்கம் போறேன். நீ கூப்பிட்டா சுவர்ல தட்டறேன்."

அவன் விளக்கு அவள் முதுகில் இருந்தவரை, அவள் நிழல் முன்சுவரில் பெரிதாக நின்று கூடவே சுவர் தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் குனிந்து நுழைந்ததும் அந்த நிழல் சட்டென்று இல்லாமல் போயிற்று. துணைக்கு இருந்த ஆள் எழுந்து போனது போலிருந்தது. திறப்பின் வழியே வெளிச்சம் மட்டும் தண்ணீரில் நெளிந்தது. சுரண்டி தரையில் உராயும் சத்தம், சேறு வாளியில் விழும் சத்தம், எங்கோ குழாய் முனையில் சொட்டு கூடிக் கூடி விழும் சத்தம். இரும்புத் துரு, பாசி, கண்ணை எரிக்கும் பவுடர் நெடி. எல்லாம் பழகியவை. எல்லாத் தொட்டியிலும் இருப்பவை.

"இருக்கீங்களா?"

டொக். டொக்.

அவள் தேய்த்தாள். சுவரில் பாசி பட்டை பட்டையாக உரிந்தது. ஏணிக்குப் பின்னாலிருந்த இடத்தில், பாசிக்கு அடியில், சுவர் பூச்சில் கீறல்கள் இருந்தன. அத்தனையும் மேலிருந்து கீழாக. பிரஷ் கம்பி கீறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிரஷ் கம்பி கீறினால் பக்கவாட்டில்தான் கீறும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இருக்கீங்களா?"

டொக். டொக்.

"சாயங்காலம் போய்ச் சுடச்சுடக் குளிச்சுட்டு நான் படுத்துடுவேன். சமையல் உங்க தலையில. சரியா?"

"சரி."

கை நின்றது. துண்டு கட்டியவன் பேசினானா? அதுவும் அவ்வளவு தெளிவாக? குரல் சுவருக்குப் பின்னாலிருந்து வரவில்லை. மேலிருந்து வந்தது.

மெல்லத் தலையை நிமிர்த்தினாள். அவள் விளக்கும் கூடவே நிமிர்ந்தது. மூடியின் சதுர வாயில் இன்னொரு விளக்கு, நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளையாக. அதற்குப் பின்னால் முகம் தெரியவில்லை. இத்தனை கூசும் வெளிச்சத்துக்குப் பின்னால் எந்த முகம்தான் தெரியும்?

"நீங்க எப்ப மேல போனீங்க?"

"அப்பவே. பேட்டரி போச்சு. மாத்த வந்தேன்." அவன் குரல்தான். அவனேதான். "மேஸ்திரி, நீ யார்கூடப் பேசிட்டிருக்க?"

திறப்பின் வழியே வெளிச்சம் தண்ணீரில் நெளிந்துகொண்டே இருந்தது. சுரண்டி உராய்ந்தது. சேறு வாளியில் விழுந்தது.

சொல்லாமல் ஏறமாட்டாரே. ஏறியதே கிடையாதே. ஒருவேளை சொல்லியிருப்பாரோ? பிரஷ் சத்தத்தில் நான்தான் கவனிக்கவில்லையோ? இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, முணுமுணுப்பாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க..."

"சொல்லு" என்றது மேலிருந்த குரல்.

டொக். டொக், என்றது சுவர்.

அவள் ஏணிப் பக்கமாக ஒரு அடி நகர்ந்தாள். தண்ணீர் சின்னச் சின்ன வளையங்களாக அவளிடமிருந்து விலகிப்போனது.

"அந்தப் பக்கம் யாருங்க?"

"அதைத்தான் நானும் பார்த்துட்டிருக்கேன். சத்தம் போடாத. திரும்பாத. அப்படியே ஏறி வா."

சுரண்டும் சத்தம் நின்றது.

அவள் ஏணியைப் பிடித்தாள். கை வழுக்கியது. மறுபடி பிடித்தாள். ஒரு படி. இன்னொரு படி. பின்னால் தண்ணீர் கலைந்தது. யாரோ குனிந்து திறப்பில் நுழைகிறார்கள். வெளிச்சம் சுவரில் ஏறியது. ஏணியின் நிழல் ஏறியது. அவள் நிழலும் அவளுக்கு முன்னால் ஏறியது.

திரும்பக் கூடாது. திரும்பிவிட்டாள்.

தடுப்புச் சுவரின் அடியிலிருந்து ஒரு உருவம் நிமிர்ந்துகொண்டிருந்தது. வாயையும் மூக்கையும் மறைத்துத் துண்டு. அவள் பக்கம் திரும்பியதும் அதன் கை உயர்ந்து நெற்றி விளக்கைப் பொத்தியது. விரல்கள் தணல் போலச் சிவந்தன. அவர் செய்வது போலவே. அச்சு அசலாக அவர் செய்வது போலவே! பார்த்துப் பழகியிருக்கிறது. எத்தனை நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததோ!

"ஏறு!" என்றது மேலிருந்த குரல்.

ஏறினாள். முழங்கால் சிராய்த்தது. வார் அறுந்து அவளுடைய விளக்கு தலையிலிருந்து கழன்று கீழே தண்ணீரில் விழுந்தது. கவலைப்படவில்லை. விளிம்பில் நெஞ்சைப் போட்டு, காலை இழுத்துக்கொண்டு, மோட்டார் அறையின் தரையில் உருண்டாள்.

"மூடு. தாழ்ப்பாளைப் போடு. சீக்கிரம்."

கட்டையைத் தட்டிவிட்டாள். டமார். தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் தள்ளினாள். நகம் பிய்ந்தது. தள்ளினாள். க்ளக்.

அப்பாடா.

மூடியின் மேலேயே உட்கார்ந்தாள். மூச்சு விசில் போல வந்துகொண்டிருந்தது. எதிரே, இருட்டில், அந்த விளக்கு. அவள் கண்ணுக்கு நேராக.

"முகத்துல அடிக்காதீங்க." அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "கண்ணு எரியுது. திருப்புங்க."

விளக்கு திரும்பவில்லை.

"ஏங்க, கையையாவது வைங்களேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, இப்போதுதான் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒன்றைச் செய்து பார்ப்பது போல, ஒரு கை மெதுவாக மேலே வந்தது. உள்ளங்கை விளக்கைப் பொத்தியது.

அவள் அந்தச் சிவப்புக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

வெளிச்சம் அந்தக் கையில் வடிகட்டப்படவே இல்லை. வெள்ளையாக, அப்படியே, நனைந்த காகிதத்தைத் தாண்டி வருவது போல வந்தது. நரம்பு இல்லை. எலும்பின் நிழல் இல்லை. துளி ரத்தம் இல்லை. கூச்சம் தணிந்த கண்ணுக்கு இப்போது வார் தெரிந்தது. அழுகிய வார். கண்ணாடி ஓரத்தில் பச்சைப் பாசி. வாரிலிருந்து சேறு இறங்கி, கன்னம் இருக்கவேண்டிய இடத்தின் வழியாக வழிந்து, அவள் மடியில் சொட்டியது.

சொட்.

தாழ்ப்பாளை நோக்கி நகர்ந்தது அவள் கை. அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. ஈரமாக. ஜில்லென்று.

அவளுக்கு அடியில், இரும்புக்குக் கீழே, சத்தம் கேட்டது. டொக். டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடி, டொக். டொக். பிறகு யாரோ முகத்திலிருந்து துண்டை அவிழ்த்து, தண்ணீரில் எரியும் அவள் விளக்கைப் பார்த்து அவள் அங்கேயே இருப்பதாக நினைத்துப் பேசுவது போல, மூச்சு வாங்க, செல்லமாக ஒரு குரல் வந்தது.

"பயப்படாத மேஸ்திரி... மூடிதான் விழுந்துடுச்சு. நான் உன் பின்னாடிதான் இருக்கேன்."