வில்லோ பெண்டில் ஓர் இடம்

டேல் ஹோவ்லாண்ட் பிப்ரவரியில் இறந்தபோது, மிசிசிப்பி ஆற்றின் வரைபடம் அவர்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் விரித்தபடி கிடந்தது. அவர் மனைவி ஆர்லிஸ் அதை மடிக்கவில்லை. மூன்று மாதம் அதன் ஓரத்தில் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டாள்.

டுபூக்கிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஒன்பது நாள் படகுப் பயணம். பல குளிர்காலங்களாக இருவரும் போட்ட திட்டம் அது. எந்த நாள் எந்தத் துறையில் படகைக் கட்டுவது, எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே வெந்நீரில் குளிக்கலாம் என்று டேல் பென்சிலால் குறித்திருந்தார். ஆறாம் நாள் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் அறுபது மைல் நீளத்துக்கு ஒரு துறைகூட இல்லை. அவர்களுடைய படகின் டாங்க் அவ்வளவு தூரம் தாங்குமா என்பது சந்தேகம்.

மே மாதம் ஒரு காலையில், தனியாகவே போவது என்று ஆர்லிஸ் முடிவெடுத்தாள். அறுபத்து மூன்று வயது. பிள்ளைகள் இல்லை. போகாதே என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

ஒவ்வொரு துறையாகத் தொலைபேசியில் கூப்பிட்டு இடம் சொல்லிவைத்தாள். ஏழாம் நாளுக்கான போர்ட் எல்வுட் துறையில் ட்ரூடி என்ற பெண் எடுத்தாள். கரகரத்த குரல்.

"படகு பேரு என்னம்மா?"

"ஸ்வீட் கார்ன்."

"வேற பேரே கிடைக்கலையா? ரேடியோவுல கூப்பிட்டா எனக்கு எச்சில்தான் ஊறும். சரி, முந்தின நாள் எங்க கட்டறீங்க?"

"இன்னும் தெரியல."

"மேல அறுபது மைலுக்கு ஒண்ணும் கிடையாது. கேன்ல பெட்ரோல் கொண்டு வாங்க."

படகுக்குள் கேனில் பெட்ரோல் வைப்பது டேலுக்கு ஆகாது. ஆர்லிஸுக்கும் மனசு வரவில்லை. அலமாரியைக் குடைந்ததில், எப்போதோ பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு நதி வழிகாட்டி கையில் அகப்பட்டது. அட்டை இல்லாத புத்தகம். அதில் அந்த அறுபது மைலுக்குள், போர்ட் எல்வுட்டுக்குப் பதினைந்து மைல் முன்னால், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: வில்லோ பெண்ட். பன்னிரண்டு படகுகளுக்கு இடம். பெட்ரோல் உண்டு.

அந்த வரியில் இருந்த தொலைபேசி எண்ணை அழுத்தினாள். முதல் மணி அடித்து ஓய்வதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க." வயதான ஆணின் குரல். அதன் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. காற்றுகூட இல்லை.

"ஜூலை பன்னிரண்டாம் தேதி ஒரு இடம் வேணும். பேரு ஆர்லிஸ்."

"எத்தனை பேர் வர்றீங்க?"

"நான் மட்டும்தான்."

மிக மெல்ல, "நல்லது ஆர்லிஸ். ஒரு இடம் இருக்கு. யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

வரைபடத்தின் வெறும் கட்டத்தில் ஆர்லிஸ் தன் கையால் அந்தப் பெயரை எழுதினாள். டேலால் கண்டுபிடிக்க முடியாததைக் கண்டுபிடித்துவிட்ட சின்னப் பெருமை. சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

முதல் ஐந்து நாட்களும் ஒரே மாதிரி போயின. பகலெல்லாம் பழுப்பு நீர், சிவப்பும் பச்சையுமாக மிதவைகள், கரையில் சோள வயல்கள். மாலையில் ஏதாவதொரு துறை. பக்கத்துப் படகுகளில் தம்பதிகள் இறைச்சி சுடுவார்கள், சீட்டாடுவார்கள். "தனியாவா வந்தீங்க?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு ஒரு தட்டில் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்கள் சிரிப்பு தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வந்து அவள் படகில் முட்டும். ஆர்லிஸ் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஆறாம் நாள் மழை. படகுகளை ஏற்றி இறக்கும் லாக் என்ற நீர்ப்பூட்டின் கதவருகே பதினைந்து சரக்குத் தெப்பங்களை ஒன்றாகக் கட்டிய இழுவைக் கப்பல் கடந்து போகும்வரை மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மழை விட்டதும் ஆற்றிலிருந்து வெள்ளையாக மூடுபனி எழும்பியது. மாலை ஆறு மணிக்குப் பெட்ரோல் முள் கீழே படுத்துக்கொண்டது.

அப்போது பனிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்தது.

வில்லோ மரங்கள் நீரைத் தொட்டுக்கொண்டு நின்ற ஒரு வளைவு. உள்ளே நீண்ட மரமேடை. பதினோரு படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பன்னிரண்டாவது இடம் காலி. மேடை விளிம்பில் ஒல்லியான கிழவர் ஒருவர் கை நீட்டியபடி நின்றார்.

"வாங்க ஆர்லிஸ். கயித்த இப்படிப் போடுங்க. நான் எம்மெட்."

கயிற்றை வீசினாள். அவர் பார்க்காமலே பிடித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவள் வீசிய கயிற்றை ஒருவர் பிடித்தது அதுதான் முதல் முறை. மற்ற துறைகளில் அவளே குதித்து, அவளே கட்டிக்கொண்டாள்.

"களைச்சுப் போயிருக்கீங்க. பெட்ரோல் எங்கயும் ஓடிடாது. முதல்ல உட்காருங்க."

கை கொடுத்து இறக்கிவிட்டார். அந்தக் கை ஆற்றின் அடியில் கிடக்கும் கல்லைப் போல் ஜில்லென்றிருந்தது. சட்டைக் கைகளிலிருந்து நீர் சொட்டியது. மழையில் நின்றிருப்பார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு படகுக்கு முன்னாலும் மேடையில் ஒரு மடக்கு நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி. பத்து, பதினோரு பேர் ஆற்றைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். பனியில் முகம் தெரியவில்லை. அவள் வந்ததும் பக்கத்தில் இருந்த பெண் தலையை லேசாக அசைத்தாள். அவள் கூந்தல் ஈரமாகத் தோளோடு ஒட்டியிருந்தது.

அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் ஆர்லிஸ் உட்கார்ந்தாள். எம்மெட் பக்கத்தில் குந்தினார்.

"அவர் எப்ப போனார்?"

"பிப்ரவரில." தான் சொல்லாதது அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை.

"ராத்திரியில படுக்கையோட அந்தப் பக்கத்த இன்னும் காலியாத்தான் வச்சிருக்கீங்க."

"ஆமா."

"எல்லாரும் அப்படித்தான். இங்க வந்தா பழகிடும்." குரல் தாலாட்டுப் போல இருந்தது. "நாளைக்கு யாராவது உங்களைத் தேடுவாங்களா ஆர்லிஸ்?"

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"இல்ல."

எம்மெட் சிரித்தார். "அப்ப இந்த இடம் உங்களுக்குத்தான்."

கால்களில் இதமாக ஏதோ ஏறியது. குளியல் தொட்டியில் வெந்நீர் நிறைவதைப் போல. இத்தனை மாத அலுப்பும் பாதத்தின் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. கண்கள் சொருகின.

அப்போது அவள் படகுக்குள்ளிருந்து ரேடியோ கரகரத்தது.

"ஸ்வீட் கார்ன், ஸ்வீட் கார்ன். போர்ட் எல்வுட் ட்ரூடி பேசறேன். எங்கம்மா இருக்கே?"

எம்மெட்டின் முகம் மாறியது. "அதை அணைச்சிடுங்க."

"ஸ்வீட் கார்ன்! மக்காச்சோளமே! உயிரோட இருந்தா பதில் சொல்லு. தொண்டை காயுது எனக்கு."

"வேண்டாம் ஆர்லிஸ்" என்றார் எம்மெட். இப்போது அந்தக் குரலில் தாலாட்டு இல்லை.

ஆர்லிஸ் குனிந்து பார்த்தாள்.

தண்ணீர் அவள் முழங்காலுக்கு மேல் நின்றது.

மேடை கீழே போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல்.

திரும்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நெஞ்சுவரை தண்ணீர். அதற்கடுத்தவருக்குக் கழுத்துவரை. அதற்கடுத்த நாற்காலியில் ஒரு தலைமுடி மட்டும் மேலே மிதந்தது. ஒருவரும் அசையவில்லை. வரப்போகிற யாரையோ பார்ப்பதைப் போல, எல்லோரும் பொறுமையாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேற்று வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

எழ முயன்றாள். கால் வரவில்லை. யாரும் பிடித்திருக்கவில்லை. அவள் உடம்புக்கே எழுந்திருக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். அதுதான் எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது.

"ஸ்வீட் கார்ன், ஸ்வீட் கார்ன்." விடாமல் கூப்பிட்டது அந்தக் கரகரத்த குரல்.

இடுப்பளவு நீரில் அவள் முதல் அடி வைத்தாள். அடுத்தது. படகின் ஏணி கையில் சிக்கியது. மேலே ஏறி விழுந்து, எம்மெட் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து இறுகிய அந்த முடிச்சில் நகம் உடைந்ததுதான் மிச்சம். மீன் அரியும் கத்தியால் கயிற்றை அறுத்தாள். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். மேடை தெரியவில்லை. அறுந்த கயிற்றைப் பிடித்தபடி, மோவாய்வரை நீரில் எம்மெட் நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர் முகம் அது.

"இடம் அப்படியே இருக்கும் ஆர்லிஸ்" என்றார். நீர் அவர் வாயை மூடியது.

எல்வுட்டுக்கு நாலு மைல் முன்னால் பெட்ரோல் தீர்ந்தது. ரேடியோவில் அவள் அழுதுகொண்டே எதையோ உளறினாள். "விளக்கைப் போட்டுட்டு அசையாம இரு, வர்றேன்" என்றாள் ட்ரூடி. அரை மணியில் ஒரு பழைய இழுவைப் படகில், நைட்டிக்கு மேல் மிதவைச் சட்டை மாட்டிய குண்டுப் பெண் ஒருத்தி பனியைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

தன் அலுவலகத்தில் ஆர்லிஸைப் போர்வையால் சுற்றி உட்காரவைத்துவிட்டுத்தான் ட்ரூடி கேட்டாள். "உன்னைத் தேட யாராவது இருக்காங்களான்னு கேட்டானா?"

ஆர்லிஸ் தலையாட்டினாள்.

"பெரிய வெள்ளம் வந்தப்ப எல்லாரையும் கரைக்குப் போகச் சொன்னாங்க. எம்மெட் போகல. தனிக்கட்டை. படகுகளை விட்டுட்டு வர மாட்டேன்னு நின்னான். துறையோட சேர்ந்து போயிட்டான். அன்னைக்கு அந்தப் படகுகள்ல ஒரு ஆளும் இல்ல." ட்ரூடி சன்னல் பக்கம் பார்த்தாள். "ஆள் அப்புறம்தான் சேர்ந்தாங்க. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருத்தர். எல்லாரும் தனியா வந்தவங்க. இதைச் சொன்னா எவன் நம்புவான்? அதான் என்கிட்ட இடம் சொன்னவங்களை முந்தின நாளே கூப்பிட ஆரம்பிச்சுடுவேன். பதில் வர்ற வரைக்கும் விட மாட்டேன். ஊரே என்னை லவுட் ஸ்பீக்கர்னுதான் கூப்பிடும்."

ஆர்லிஸ் செயின்ட் லூயிஸுக்குப் போகவில்லை. ஒரு வாரம் இருப்பதாகச் சொன்னாள். அது ஒரு மாதமானது. ட்ரூடி படகுகளுக்குப் பெட்ரோல் போடும்போது, ரேடியோ முன்னால் அவள் உட்கார்ந்தாள். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டாள். மதியம் இருவரும் ஒரே மேஜையில் சாண்ட்விச் சாப்பிட்டார்கள். ட்ரூடி ஓயாமல் பேசினாள். ஆர்லிஸுக்கு அது பிடித்திருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், மதியம் மூன்று மணி. வானத்தில் ஒரு மேகம் இல்லை. மறுநாள் வரவேண்டிய கர்ட் என்பவரை ஆர்லிஸ் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பது தடவை கூப்பிட்டிருப்பாள். தன் தொண்டை கரகரப்பது அவளுக்கே கேட்டது.

பதில் வந்தது.

"சொல்லுங்கம்மா." தூக்கத்தில் பேசுவதைப் போன்ற நிம்மதியான குரல். "நான் நாளைக்கு வரல. இங்கயே தங்கிட்டேன்."

"கர்ட்! கீழ பாருங்க! தண்ணி எங்க இருக்குன்னு பாருங்க! எழுந்திருங்க!"

"எதுக்கும்மா? இங்க நாங்க நிறைய பேர் இருக்கோம்."

அவர் குரலுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆணும் பெண்ணுமாகப் பலர், கோடை மாலையில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் போல. சந்தோஷமான சிரிப்பு.

பக்கத்தில் இருந்த ட்ரூடி வெளியே ஓடி, துறையில் வேலை செய்யும் பையனிடம் படகை எடுக்கச் சொல்லிக் கத்திவிட்டு உள்ளே வந்தாள். சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்கவே கூடாதென்பதைப் போல அவள் ரேடியோவை அணைக்கக் கை நீட்டினாள்.

ஆர்லிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரு ட்ரூடி" என்றாள். "கேட்கலாம்."